ஆடிக்காற்றில் காயவைத்த மாவு

அன்று மத்தியானம் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். தாம்பாளத்தில் பிசைந்த மைதா மாவு இருந்தது, உரித்த தேங்காய் அளவுக்கு. மேற்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவர் ஓரமாக, காற்று நேரே வந்து மோதுகிற இடமாகப் பார்த்து வைத்தேன். ஆடி மாதம். கொடியில் கிடந்த என் வேட்டியை மேல்காற்று கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தது. தாம்பாளம் நகராமல் இருக்க இரண்டு செங்கல்லை அண்டக் கொடுத்தேன்.

செல்போனில் ஒரு பெண், முதல்முறையாக வீட்டில் ரொட்டி செய்கிறவர்களுக்கு என்று எல்லாவற்றையும் விளக்கியிருந்தாள். ஒரு மணி நேரத்தில் மாவு இரண்டு மடங்காக உப்பும் என்றாள். அதுவரை ஈரத்துணி போட்டு மூடி வைக்கச் சொன்னாள். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் காயப்போடுகிற கொட்டகையைப் பார்த்துக்கொண்டவன் நான். ஈரமான பொருள் உருப்பட வேண்டுமென்றால் காற்றாடக் கிடக்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கீழே இறங்கினேன். ஒரு மணி நேரம் சும்மா இருப்பதென்பது என்னால் ஆகிற காரியமில்லை. ஐந்து நிமிஷம் கழித்து மேலே போனேன். அப்புறம் எட்டு நிமிஷம் கழித்து. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ ஏறியபோது மாவு தோல் கட்டியிருந்தது. நடுவில் ஒரு வெடிப்பு, அதிலிருந்து பக்கவாட்டில் சின்னச் சின்ன வெடிப்புகள். கோடையில் கரிசல் காடு கிடக்கிற கிடைதான். விரலால் தட்டினேன், டொக்கென்று சத்தம் வந்தது.

பக்கத்து மாடியில் செல்லத்தாய் மிளகாய் வத்தலைக் கிளறிக்கொண்டிருந்தாள். கடலைமிட்டாய் போடுகிற இடத்தில் வேலை பார்க்கிறவள். அன்று அவளுக்கு வார லீவு.

“அண்ணாச்சி, அது என்ன வத்தல்? புதுசா இருக்கு.”

“வத்தல் இல்ல. ரொட்டி.”

அவள் முகம் மாறியது. கையிலிருந்த மிளகாயைப் போட்டுவிட்டுச் சுவர் பக்கம் வந்து, குரலைத் தணித்துக்கொண்டாள்.

“மைனிக்கு ரொம்ப முடியலையா?”

ரொட்டி வந்த வழி

அவள் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ரொட்டி என்றால் அது காய்ச்சல்காரர் சாப்பாடு. நல்லாயிருக்கிறவன் எவனும் காலையில் எழுந்து ரொட்டி தின்பதில்லை. ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் ஒரு ரொட்டி பாக்கெட், நாலு ஆரஞ்சு. பெட்டிக்கடையில் ரொட்டி வாங்கினால் கடைக்காரர் சில்லறையைத் தருவதற்கு முன்னால், யாருக்கு என்ன என்று விசாரிப்பார்.

என் மனைவி எஸ்தருக்கு அந்த வருஷம் நாக்கின் அடியில் ஒரு புண் வந்தது. முதலில் சூடு என்றோம். அப்புறம் பல் குத்துகிறது என்றோம். திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, சதை எடுத்துப் பரிசோதித்துவிட்டு, புற்றுநோய், கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டும் என்றார்கள். ஒன்றரை மாதம், வாரத்தில் ஐந்து நாள், காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்பினோம்.

புண் அடங்கியது. ஆனால் கரண்ட் அவள் வாயில் இருந்த எச்சில் முழுவதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. சோறு வாய்க்குள் போனால் அப்படியே நிற்கும். காரம் வேண்டாம், உப்பு பட்டாலே கண்ணீர் வந்துவிடும். ருசி என்று ஒன்று கிடையாது. “எல்லாம் மண்ணா இருக்கு” என்பாள். ஒரு சின்னத் துவாலைத் துண்டைத் தண்ணீரில் நனைத்துக் கையிலேயே வைத்திருப்பாள். இரண்டு வார்த்தை பேசினால் அதை உதட்டில் ஒற்ற வேண்டும். அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டு, என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் டம்ளரைத் தட்டுவாள்.

தெரு முழுவதும் கேட்கிற மாதிரிப் பேசியவள் அவள். வாசலில் நின்றாள் என்றால் மீன்காரி, தபால்காரர், சர்ச்சில் மணியடிக்கிற கோயில்பிள்ளை வரைக்கும் ஒருத்தர் தப்ப முடியாது. அவள் இப்போது வாசல் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டாள். வருகிறவர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு ரொட்டி பாக்கெட்டோடு வந்து, உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். அலமாரியில் ரொட்டி பாக்கெட்டுகள் செங்கல் மாதிரி அடுக்கிக் கிடந்தன. அவள் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

கரண்ட் முடிந்த அன்றைக்கு எடை பார்த்தார்கள். நாற்பத்தொரு கிலோ. நாலு வாரம் கழித்து வரும்போது நாற்பதுக்குக் கீழே போயிருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நல்ல மனிதர், நிதானமாகத்தான் சொன்னார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எஸ்தர் துண்டை உதட்டில் ஒற்றிக்கொண்டு பேசினாள்.

“மூக்குல கொழாயைச் சொருவிக்கிட்டு நான் தெருவுல எறங்கணுமா? அந்தக் கோலத்துல என்னைய ஒருத்தரும் பாக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

கோவில்பட்டி வந்து இறங்கி ஆட்டோவில் போகும்போது மணி நாலு. பேக்கரியில் ரொட்டி இறக்குகிற நேரம். எங்கள் ஊரில் அந்த நேரத்துக்குப் பாதித் தெருவில் கடலைமிட்டாய்க்குக் காய்ச்சுகிற வெல்லப் பாகு மணக்கும், பாதித் தெருவில் ரொட்டி மணக்கும். பாகு வாசனை வந்தால் அவளுக்குக் குமட்டும், மூக்கைப் பொத்திக்கொள்வாள். அன்று பேக்கரி முக்கில் ஆட்டோ திரும்பியபோது பொத்தியிருந்த கையை எடுத்தாள்.

“நல்லா மணக்குது” என்றாள்.

இரண்டு மாதத்தில் சாப்பாட்டுச் சாமான் ஒன்றைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. ஆட்டோவை நிறுத்தச் சொல்லிக் குதித்தேன். சூடாக ஒரு ரொட்டி வாங்கி, வீட்டுக்கு வந்து, நடுப்பாகத்தைப் பிய்த்துப் பாலில் நனைத்துக் கொடுத்தேன். வாயில் வைத்தாள். உடனே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரொட்டியில் இருந்த உப்பு, கரண்டில் வெந்துபோன வாயில் பட்டுவிட்டது.

அப்படியானால் உப்பில்லாத ரொட்டியை நானே போட்டுவிடுகிறேன் என்று கிளம்பினேன். அடுப்பு பற்றவைக்க மட்டும் தெரிந்தவன். அதுவும் தீப்பெட்டி ஊர்க்காரன் என்பதால்.

என் கொட்டகை

எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். குச்சி அடுக்கிய சட்டங்களை மருந்தில் முக்கி என் கொட்டகைக்கு அனுப்புவார்கள். காய்ந்துவிட்டது என்று நான் சொன்னால்தான் அடுத்த ஆளின் கைக்குப் போகும். மழைக் காலத்தில் நான் பட்ட பாட்டை இரண்டு வாரத்துக்கு முன் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். ஈரம் என்ற வார்த்தையைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்குத் திக்கென்கிறது. மழையில்லாத பூமி என்று வெளியூர்க்காரர்கள் எங்களைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். அந்த வறண்ட காற்றை நம்பித்தான் நாங்கள் பிழைத்தோம்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. ஈரத் துணி கொடியில் மடிந்து கிடந்தால் விரித்துவிடுவேன். பாயை வெயிலில் போடுவேன், கழுவி வைத்த டம்ளரைக்கூட வெயிலில் கவிழ்ப்பேன். எஸ்தர் முன்பெல்லாம் சொல்வாள்: “ஒங்களைக் கட்டுனதுக்கு வெயிலைக் கட்டியிருக்கலாம். சாயங்காலமாவது போயிருக்கும்.”

ஈஸ்ட் வாங்கப் பேக்கரி மாஸ்டரிடம் போனேன். என்னைவிட இருபது வயது சின்னவர். நான் வாயைத் திறப்பதற்குள், “யாருக்கு அண்ணாச்சி ஒடம்புக்கு?” என்றார்.

சொன்னேன். அவருக்கு எஸ்தரை நன்றாகத் தெரியும். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எங்கள் வீட்டு கேக் அவருடைய அடுப்பில்தான் வெந்தது. வீட்டில் மாவு கலக்கித் தகர டின்களில் ஊற்றி, டின்னுக்கு அடியில் பேர் எழுதின சீட்டை ஒட்டி, பேக்கரிக்கு எடுத்துப் போவது எங்கள் சபைக்காரர்கள் எல்லாருக்கும் வழக்கம். டின்னைச் சுமப்பது என் வேலை. காவல் நிற்பது எஸ்தர் வேலை. ஏனென்றால் டின் மாறிப்போகும். ஒரு வருஷம் யாருடையதோ முந்திரி நிறையப் போட்ட கேக் எங்களுக்கு வந்துவிட்டது. நான் பேசாமல் இருந்துவிடலாம் என்றேன். அவள் ஒரு துண்டுகூட வெட்டவிடாமல் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அந்த அடுப்படியில் என்னை அவள் நிற்க விடமாட்டாள். ‘நீங்க போயிட்டு ஆறு மணிக்கு வாங்க. நீங்க இங்கன நின்னா கேக்கு பயந்து அமுங்கிரும்’ என்று துரத்துவாள். நானும் தப்பித்தோம் என்று ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்து, வருகிற வண்டி போகிற வண்டியை எல்லாம் பார்த்துவிட்டு வருவேன்.

மாஸ்டர் ஈஸ்ட்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். “கைச்சூட்டுத் தண்ணி போதும் அண்ணாச்சி. கொதிக்கிறதை ஊத்திராதீங்க, செத்துரும்.”

நோயாளி வீடாயிற்றே என்று தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். ஆறுகிற வரைக்கும் எனக்குப் பொறுமை இல்லை. ஊற்றிவிட்டேன். முதல் நாள் மாவு செத்துத்தான் போனது, பசை காய்ச்சினது போலக் கிடந்தது. இரண்டாம் நாள் மாவைத்தான் மொட்டை மாடியில் காயப்போட்டேன்.

துவாலைத் துண்டு

மூன்றாம் நாள் மறுபடி பிசைந்தேன். மைதா இரண்டு டம்ளர், ஈஸ்ட் ஒரு சின்னக் கரண்டி, கொஞ்சம் சீனி, கைச்சூட்டில் பால், கடைசியில் வெண்ணெய். முதலில் கையெல்லாம் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மாவை அள்ளிப் போடக் கூடாது, பிசைந்துகொண்டே இருக்க வேண்டும். பிசைவது எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பத்து நிமிஷமும் கைக்கு வேலை இருந்தது, மனசு எங்கேயும் ஓடவில்லை.

இந்தத் தடவை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைக்கலாம், அங்கே காற்று கொஞ்சம் தணிவாக இருக்கும் என்று தாம்பாளத்தைத் தூக்கினேன். டம்ளர் தட்டும் சத்தம் கேட்டது.

“எங்கன கொண்டு போறீங்க?”

“மாடிக்கு.”

“கொண்டாங்க இங்கன.”

கொண்டுபோய்க் காட்டினேன். மாவை விரலால் அமுக்கிப் பார்த்தாள். தன் கையிலிருந்த துவாலைத் துண்டை டம்ளர்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். உதட்டுக்குக் கொண்டுபோகப் போகிறாள் என்று நினைத்தேன். அதை உதறி விரித்து மாவின் மேல் போட்டாள்.

“என்ன எஸ்தரு, ஈரத்தைக் கொண்டுபோய் அதுமேல போடுத?”

“அதுக்கும் வாய் காயும்லா.”

தாம்பாளத்தை அவளுடைய கட்டிலிலேயே, இடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அலமாரியிலிருந்து தனக்கு வேறு துண்டு எடுத்துத் தரச் சொன்னாள். தன் உதட்டை நனைக்கும்போதெல்லாம், மாவின் மேல் கிடந்த துணியிலும் இரண்டு சொட்டு விட்டாள்.

நான் கட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். துணியைத் தூக்கிப் பார்க்கலாம் என்று கையைக் கொண்டுபோனேன். டம்ளரால் என் கைமுட்டியில் ஒரு தட்டு.

“ஸ்டேஷனுக்குப் போயிட்டு வாங்க.”

போனேன். நாகர்கோவில் வண்டி வந்து நின்று போனது. கடலைமிட்டாய் விற்கிறவர்கள் ஜன்னல் ஜன்னலாக ஓடினார்கள். நான் ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை. நாற்பது, நாற்பது என்று மனசு அந்த எண்ணையே சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது மாவு துணியை முட்டிக்கொண்டு நின்றது. எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாய் விரிந்தால் உதடு வெடித்துவிடும் என்பதால் அப்படி.

ஓவனெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. பழைய குக்கரின் அடியில் மணலைப் பரப்பி, ரப்பர் வளையத்தையும் விசிலையும் எடுத்துவிட்டு, உள்ளே கேக் டின்னை வைத்தோம். கடலை வறுக்கிற மணல் ஒரு படி செல்லத்தாய் கொண்டுவந்து கொடுத்தாள். முக்கால் மணி நேரம் திறக்காமல் இருக்க வேண்டும். நான் மூன்று தடவை திறந்தேன். ரொட்டி நடுவில் குழிந்து, அடியில் கருகி, மேலே வெளுத்துப்போய் வந்தது. ஆனால் மணத்தது. வீடு முழுவதும் மணத்தது.

பாலில் ஊறவைத்து இரண்டு வாய் தின்றாள். விழுங்கும்போது கண்ணை இறுக்கி மூடினாள். எரியவில்லை என்று கையால் சைகை காட்டினாள். நான் அடுப்படிக்குப் போய், குக்கர் கழுவுகிற சாக்கில் கொஞ்சம் அழுதேன்.

தராசில் ஏறிய நாள்

அதற்கப்புறம் தினம் ஒரு ரொட்டி. தப்பு குறைந்துகொண்டே வந்தது. அடுப்பை எப்போது தணிப்பது என்று பிடிபட்டது. ரொட்டி வெந்துவிட்டதா என்று அடியில் தட்டிச் சத்தம் கேட்கப் பழகினேன். எஸ்தர் ஒரு நாளைக்கு ஒரு விரல் கனம் தின்பாள். சில நாள் அதுவும் இல்லை. மிச்சம் முழுவதையும் வீணாகக் கூடாதென்று நான் தின்றேன்.

நாலு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மிஷினில் ஏறினாள். முப்பத்தொன்பதரை. நான் நம்பாமல், மிஷின் சரியில்லை என்று நர்ஸிடம் சண்டைக்குப் போய், நானே ஏறி நின்றேன். எனக்கு மூன்று கிலோ கூடியிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரம் இன்ன மாதிரி என்று சொல்ல முடியாது. டாக்டர் மேல், மைதா மேல், அந்தச் செல்போன் பெண் மேல், உட்கார்ந்து தின்று ஊதிய என் வயிற்றின் மேல். உண்மையில் அது பயம். எனக்குப் பயம் வந்தால் கோபம் மாதிரித்தான் வெளியே தெரியும். எஸ்தருக்கு அது தெரியும். குழாய் போடுகிற அறைக்குள் போகும்போது என் சட்டைக் கையை ஒரு தடவை பிடித்து இழுத்துவிட்டுப் போனாள்.

குழாய் இருந்தாலும் வாய் வழியாக முடிந்ததைக் கொஞ்சம் கொஞ்சம் விழுங்கிப் பழக வேண்டும், இல்லாவிட்டால் தொண்டைக்கு விழுங்குவதே மறந்துபோகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளும் போடச் சொன்னாள். செல்லத்தாய் கதவைத் தட்டியபோது, தூங்குகிறாள் என்று ஜன்னல் வழியாகப் பொய் சொன்னேன்.

மூன்று நாள் நான் மாவைத் தொடவில்லை. கஞ்சியையும் பாலையும் சிரிஞ்சில் எடுத்துக் குழாய் வழியாக ஏற்றினேன். ஏற்றிவிட்டு நடந்தேன். அந்த மூன்று நாளில் எங்கள் வீட்டுக் கூடத்தை எத்தனை தடவை அளந்திருப்பேன் என்று தெரியாது.

நாலாம் நாள் காலையில் டம்ளர் தட்டினாள்.

“மாவு பிசையலையா?”

“யாருக்கு?”

குழாய் ஒரு மூக்குத் துவாரத்தில் இருந்தது. ஒட்டுப் போட்டுக் கன்னத்தில் பதித்திருந்தார்கள். அவள் இன்னொரு துவாரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“இது சும்மாதான கெடக்கு.”

திறந்த கதவு

பிசைந்தேன். அவளே துண்டை நனைத்துப் போட்டாள். குக்கரை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று என்னைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரொட்டி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் குழியாமல் வந்தது. சூட்டோடு தாம்பாளத்தில் கவிழ்த்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். ரொம்ப நேரம் முகர்ந்தாள்.

அப்புறம் வாசலைப் பார்த்தாள்.

“கதவைத் தெறங்க. மணம் உள்ளயே நின்னு என்ன செய்ய?”

“ஆளு வருவாவ எஸ்தரு.”

“வரட்டும்.”

திறந்தேன். ஐந்து நிமிஷத்தில் செல்லத்தாய் வந்தாள். கையில் ரொட்டி பாக்கெட். குழாயைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி கோணியது. எஸ்தர் முந்தானையை எடுத்து முகத்தை மூடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, தாம்பாளத்தைச் செல்லத்தாய் பக்கம் நகர்த்தினாள்.

“சூடா இருக்கு. தின்னு.”

“மைனி, நான் ஒங்களுக்குல்லா ரொட்டி கொண்டாந்தேன்.”

“அதை அங்கன வையி. இதைத் தின்னு.”

மறுநாள் எதிர்வீட்டு ஆசிரியையும் வந்தார். அதற்கு மறுநாள் பேக்கரி மாஸ்டரே வந்து ஒரு துண்டு பிய்த்து, அமுக்கிப் பார்த்து, பரவாயில்லை என்றார். நோயாளியைப் பார்க்க ரொட்டி கொண்டுவந்தவர்கள், நோயாளி வீட்டில் ரொட்டி தின்றுவிட்டுப் போனார்கள். எஸ்தர் குழாயும் கையுமாக நடுவில் உட்கார்ந்திருந்தாள். பேச முடியாவிட்டாலும் எல்லாரையும் பேச வைத்துக் கேட்டாள். நான் தாம்பாளத்தோடு உள்ளேயும் வெளியேயும் அலைந்தேன். அவளுக்கென்று ஒரு ரொட்டித் துண்டு எப்போதும் பாலில் ஊறிக்கொண்டிருக்கும். ஒரு வாயோ இரண்டு வாயோ, அதற்கு மேல் போகாது.

குழாயை எடுத்தது அதற்கப்புறம் ஒன்றரை மாதம் கழித்துத்தான். ஆனால் என் கணக்கில் அது என்றைக்கோ வெளியே வந்துவிட்டது. அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம். செல்லத்தாய் வேலை முடிந்து நேரே வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். எஸ்தர் பால் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, செல்லத்தாய் கையிலிருந்த ரொட்டியிலேயே ஓரத்தைப் பிய்த்தாள். கருகலாக இருக்கிற, மொறுமொறுப்பான ஓரம். பாலில் நனைக்காமல் அப்படியே வாயில் போட்டாள். நான் தடுக்கப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

மென்றாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். மறுபடி மென்றாள். விழுங்கினாள். அப்புறம் கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரிந்த அந்தச் சுளிப்பு அவள் நெற்றியில் வந்தது.

“உப்பு காணாது” என்றாள்.

செல்லத்தாய் மெல்லுவதை நிறுத்தினாள். “ஆமா மைனி. நாங்களும் சொல்லலாம்னுதான் இருந்தோம். அண்ணாச்சி கோவிச்சுக்கிடுவாவளோன்னு பேசாம தின்னோம்.”

“எரியலையா எஸ்தரு?” என்றேன்.

“லேசா எரியுது. உப்பு போடுங்க.”

நான் அடுப்படிக்குப் போனேன். உப்பு ஜாடி அலமாரியின் மேல்தட்டில் பின்னால் கிடந்தது. அவளுக்கு ஆகாத உப்பு எனக்கும் வேண்டாம் என்று நாலு மாதமாக அதை எடுக்கவில்லை, மூடி இறுகியிருந்தது. திறந்து பார்த்தேன். உப்பு ஈரம் கோத்துக் கட்டியாகியிருந்தது. வேறு நாளாக இருந்தால் அந்த நிமிஷமே ஜாடியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். அன்றைக்கு ஜாடியைக் கையில் பிடித்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கால் நகரவில்லை, நகர வேண்டும் என்றும் தோன்றவில்லை.

கூடத்திலிருந்து டம்ளர் தட்டும் சத்தம் வந்தது. ஒரு தடவை, உடனே இன்னொரு தடவை.

“உப்பு எடுக்கப் போனவிய எங்கன?” என்று எஸ்தர் செல்லத்தாயிடம் கேட்டது எனக்குக் கேட்டது.